வாஷிங் மெஷினுக்குள் ஒரு கல்

சிவகாசியில் அச்சாகிற எழுத்தில் பாதியாவது என் தோளில் ஏறி இறங்கியிருக்கும். ஒன்றுகூடத் தலைக்குள் போகவில்லை. கழிவுத்தாள் கடையில் லோடு ஏற்றுகிற வேலை எனக்கு. காலண்டர், டைரி, வெடிப்பெட்டி லேபிள் என்று அச்சாபீஸ்களில் வெட்டித் தள்ளும் ஓரத்தாளைப் பண்டல் கட்டி லாரியில் ஏற்ற வேண்டும். பள்ளிக்கூடம் போகாத நான் எழுத்துக் கூட்டக் கற்றதே அந்த ஓரத்தாளில்தான். அதனால் எனக்கு எந்தச் சொல்லும் பாதிதான் தெரியும். 'திங்' என்று படித்துவிடுவேன். 'கள்' வேறு பண்டலில் போயிருக்கும்.

என் வீட்டுக்காரி நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிறவள். புஸ்வாணம் என்று மற்ற ஊரில் சொல்வார்களே, அதுதான். பன்னிரண்டு வருஷமாக அதே அறை, அதே இடம். சாயங்காலம் கம்பெனி வேனில் வந்து இறங்கும்போது உச்சி முதல் பாதம் வரை வெள்ளிப் பொடி மின்னும். கல்யாணமான புதிதில் அம்மனே இறங்கி வருகிறாள் என்று வாய் பிளந்து நின்றிருக்கிறேன். அம்மன் நேரே என்னிடம் வந்து, "சோறு வடிச்சீகளா இல்லையா?" என்று கேட்கும். அப்போதுதான் எனக்கு நினைவு திரும்பும்.

அந்தப் பொடி சேலையை விட்டு லேசில் போகாது. சோப்புப் போட்டு, அடித்து, பிழிந்து, மறுபடியும் சோப்புப் போட வேண்டும். இந்த வருஷம் ஆடி பிறந்தபோது அவளுடைய இரண்டு உள்ளங்கையும் மழை இல்லாத வருஷத்து ஆனைக்குட்டம் அணை மாதிரி வெடித்துக் கிடந்தன. வெடிப்பில் ரத்தம் கசிந்தது. ஒரு மாசத்துக்குச் சோப்புத் தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

கம்பெனியில் அதைவிடக் கறாராகச் சொன்னார்கள். மருந்து அறைக்குள் போகும் முன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் உள்ளங்கையை அழுத்திவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் கரண்டு ஏதும் ஏறியிருந்தால் அதில் இறங்கிவிடும். இவள் வலி தாங்காமல் விரல் நுனியால் தொட்டதைப் போர்மேன் பார்த்துவிட்டார்.

"கையில துணியச் சுத்திக்கிட்டு எத்தன நாளைக்கும்மா அடைப்ப? பச்சப் புண்ணுல மருந்து படலாமா? ஆடி கழியிற வரைக்கும் பாப்பேன். ஆவணி ஒண்ணாந் தேதி கையக் காட்டு. ஆறலைன்னா பெட்டி மடிக்கிற செட்டுக்குப் போயிரு. இங்கன வேற ஆளப் போட்டுருவேன்."

வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"நான் அடைச்ச சட்டி ஒண்ணாவது புஸ்ஸுன்னு போயிருக்கா? ஆளுயரம் எந்திரிச்சுப் பூக்கும். என்னையப் போயி அட்ட மடிக்கச் சொல்றான்."

நான் எழுந்து நின்று, நெஞ்சைத் தட்டி, "ஏ புள்ள, இன்னையிலருந்து துணி என் பொறுப்பு" என்றேன். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலை தெருக்குழாயடியில், ஊர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் நடுவில், அவள் சேலையும் கையுமாகக் குந்தியபோதுதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது புரிந்தது.

பக்கத்து வீட்டு மதினி குடத்தைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

"ஏ கொழுந்தனாரே, நீங்க சேலைய அடிக்கீகளா, சேல ஒங்கள அடிக்கா?"

"ரெண்டு பேரும் சமாதானமாத்தான் போறோம் மதினி."

"முந்தானையப் பிடிச்சுப் பிளியுங்க. பொண்டாட்டி முந்தானையப் பிடிக்கத் தெரியாத ஆம்பளையும் ஊருல உண்டுமா?"

குழாயடியே சிரித்தது. குழாய்கூடக் கொப்பளித்தது.

இப்படி இரண்டு நாள். மூன்றாம் நாள் ஒரு காலண்டர் அச்சாபீஸுக்கு லோடு எடுக்கப் போனோம். பின்புறம் ஓரத்தாள் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி நின்றது. இடுப்புயரம். நடுவில் வட்டமாகக் கண்ணாடிக் கதவு. கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு கோழி என்னை முறைத்தது.

"அண்ணே, இது என்னண்ணே?" என்று வாட்ச்மேனிடம் கேட்டேன்.

"மொதலாளி வீட்டுப் பளைய வாசிங் மிசினு. அந்தக் காலத்துல கப்பல்ல வந்ததாம். இப்ப என் கோளிக்குப் பிரசவ ஆஸ்பத்திரி."

"துணி தொவைக்குமா?"

"முட்ட போடுது. அதுக்கு மேல நான் கேக்கல."

எனக்கு உடம்பெல்லாம் பூப்பூத்துவிட்டது. குழாயடியிலிருந்து விடுதலை! அச்சாபீஸ் மேனேஜர், கழிவோடு கழிவாக எடை போட்டு எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். நாலு பேர் மூச்சுத் திணறித் தூக்கினோம். கோழி எங்கள் பின்னால் கேட் வரை வந்து திட்டிவிட்டுப் போனது.

எங்கள் கடை முதலாளி அண்ணாச்சி தராசைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஏலே, துணி தொவைக்கிற டப்பாவுக்கு இம்புட்டு எடையா? உள்ள என்னமோ இருக்குலே."

"கோளி எறங்கிருச்சு அண்ணாச்சி."

"கோளி என்ன ஆன எடையா இருந்துச்சு? சரி, ஒனக்கு எதுக்குலே இது?"

விஷயத்தைச் சொன்னேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை நான் ஒற்றை ஆளாக லோடு இறக்கித் தர வேண்டும், மெஷின் எனக்கு என்று பேச்சாயிற்று. அன்று சாயங்காலமே, எங்கள் கடையைத் தாண்டிப் போகும் கம்பெனி வேனை மறித்து, டிரைவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அதை உள்ளே ஏற்றினேன். வேன் நிறைய வெள்ளியும் பச்சையுமாக மின்னுகிற பெண்கள். நடுவில் என் வீட்டுக்காரி.

"ஏட்டி, ஒன் வீட்டுக்காரரு ஒனக்கு ஒரு சக்களத்தியக் கூட்டியாந்திருக்காரு!"

"வெள்ளக்காரச்சியாட்டம்லா இருக்கா. வாயப் பாரு, எம்புட்டு வட்டமா இருக்கு!"

அவள் மெஷினையும் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். "ரெண்டுல எது ஒடஞ்சதுன்னு வீட்டுல போயித்தான் பாக்கணும்" என்றாள். வேனே குலுங்கியது.

உடைந்தது இரண்டும்தான். ஒயரை எலி தின்றிருந்தது. மோட்டார் கருகியிருந்தது. கதவைச் சுற்றியிருந்த ரப்பர் பழைய செருப்பு மாதிரி பிய்ந்து தொங்கியது. பெல்ட் இருந்த இடத்தில் பெல்ட்டின் தூசிதான் இருந்தது. வீட்டுக்குள் நடுக்கூடத்தில் அதை நிறுத்தி, மோட்டாரைக் கழற்றுவதற்காகப் பின்பக்கத் தகட்டைத் திறந்தேன். உள்ளே பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஒரு கல். நல்ல கனமான சிமெண்டுக் கல். மேலே, டிரம்முக்கு உச்சியில், போல்ட் போட்டு முறுக்கி வைத்திருந்தார்கள்.

மற்ற யாராவது பார்த்திருந்தால் இது எதற்கு என்று யோசித்திருப்பார்கள். நான் கழிவுத்தாள் கடை ஆள். எங்கள் தொழிலில் எடை போட்டு விற்கிற பொருளுக்குள் கல் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பண்டலின் நடு வயிற்றில் கல் வைத்துக் கட்டுவது எப்படி என்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் எந்தக் கொம்பனுக்கும் தெரியாது. அப்படிப்பட்ட என்னிடமே கல்லா!

"அடப்பாவிகளா! போல்ட்டு போட்டுல ஏமாத்தியிருக்கானுக!" என்று கத்தினேன்.

வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "மிசினுக்கு உள்ள கல்லு எதுக்கு இருக்கும்? ஏதாவது வேலைக்கு வச்சிருக்கப் போறாக."

"ஒனக்குப் பூச்சட்டி தெரியும். எனக்குக் கல்லு தெரியும்" என்று சொல்லிவிட்டு, அதைக் கழற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி, நேரே அண்ணாச்சியிடம் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன்.

அண்ணாச்சி முகம் சிவந்துவிட்டது. "நான் அப்பவே சொன்னேன்லா! உள்ள என்னமோ இருக்குன்னு!" உடனே அச்சாபீஸ் மேனேஜருக்குப் போன் போட்டார். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். அங்கேதான் தப்புச் செய்தார்.

"என்னய்யா, பளைய மிசினுல கூடவா கல்லு வைப்பீக? ஒரு நாயம் வேண்டாமா?"

மேனேஜர் மனம் நொந்த குரலில் பேசினார்.

"அண்ணாச்சி, பண்டலுக்குள்ள கல்லு வைப்போம். அது ஒங்களுக்கும் தெரியும். மிசினுக்குள்ள எதுக்கு அண்ணாச்சி வைக்கப் போறோம்? ஏன், நீங்க பேப்பர் மில்லுக்கு அனுப்புற பண்டல்ல வைக்கலையா?"

அண்ணாச்சி போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பண்டல்களைக் கட்டுகிறவன் நான்தான் என்பதால் நான் விட்டத்தைப் பார்த்தேன். "சரி சரி, வேலையப் பாருங்க" என்று போனை வைத்தவர், "அந்தச் சனியன எடுத்துட்டுப் போலே" என்று என் மேல் பாய்ந்தார்.

கல் வீட்டுக்குத் திரும்பியது. தூக்கி எறிய மனசு வரவில்லை. நல்ல தட்டையான கல். அதில் இரண்டு ஓட்டை வேறு. குழாயடிக்குப் போகாமல் எங்கள் வீட்டு வாசலிலேயே அதைப் போட்டுத் துணி துவைக்க ஆரம்பித்தேன். அடிக்கிற தண்ணீர் அந்த ஓட்டை வழியாக அழகாக வடிந்தது. "பாத்தியா, தண்ணி வடியுறதுக்கு எவனோ ரோசன பண்ணிச் செஞ்சிருக்கான்" என்று அவளிடம் பெருமைகூட அடித்தேன்.

மோட்டாரை பஸ் ஸ்டாண்டு பக்கம் காயில் கட்டுகிறவரிடம் கொண்டுபோனேன். கிணற்று மோட்டார், கிரைண்டர் மோட்டார் என்று கட்டித் தேய்ந்த கை அது. இதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாப்ள, இந்த சாதி மோட்டார நான் கனவுலகூடப் பாத்ததில்ல. கட்டித் தாரேன். ஆனா வரிசையில நிக்கணும். ஒனக்கு முன்னால பதினோரு கெணறு நிக்கி."

பதினோரு கிணறும் தண்ணீர் இறைத்து முடிக்கும் வரை நான் வாசலில் துவைத்தேன். காலையில் ஒரு தரம், வேலை விட்டு வந்து ஒரு தரம். சேலை, பாவாடை, சட்டை, என் கைலி. போகப்போக எனக்கு ஒரு ராகமே வந்துவிட்டது. வெள்ளிப் பொடி சாக்கடையில் இறங்கி, எங்கள் தெரு ஓரமெல்லாம் தகதகவென்று ஓடியது. மதினி தினமும் வந்து மார்க் போட்டாள். "இன்னைக்குப் பரவால்ல. காலரு மட்டும் பெயிலு." வீட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்து கையில் மருந்தைத் தடவிக்கொண்டு, "அங்கன விட்டுட்டீக பாருங்க, அங்கன" என்று எனக்குப் போர்மேன் வேலை பார்த்தாள்.

ஒருவழியாக மோட்டார் வந்தது. அச்சாபீஸில் கழித்துப் போட்ட பெல்ட் ஒன்று கிடைத்தது. கதவு ரப்பருக்குச் சைக்கிள் டியூப்பை வெட்டி, பஞ்சர் கடையில் ஒட்டினோம். துருப்பிடித்த பக்கமெல்லாம் தேய்த்து, வேஸ்டாகிப் போன பூச்சட்டி லேபிள்களை ஒட்டினேன். தலைகீழாக நாலு, நேராக நாலு. பார்க்க பெரிய தீபாவளிப் பரிசுப் பெட்டி மாதிரி ஆகிவிட்டது.

ஆடிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை சோதனை. எங்கள் ஊரில் புதிய சரக்கு எதையும் சும்மா பற்ற வைக்க மாட்டார்கள். ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல் வைத்தேன். பட்டாசு அறை மாதிரியே உள்ளே நாலு பேருக்கு மேல் கூடாது என்று மதினியோடு வந்த கூட்டத்தை வாசலில் நிறுத்தினேன். தள்ளி நின்றுகொண்டு கம்பால் சுவிட்சைத் தட்டினேன்.

"தள்ளிக்கோ! தள்ளிக்கோ!" என்று நானே கத்திக்கொண்டு தலைதெறிக்க ஓடினேன். வெடிக்கவில்லை. உர்ரென்றது. வட்டக் கண்ணாடிக்குள் என் கைலி மெல்லப் புரண்டது. குடத்தால் ஊற்றிய தண்ணீரும் சோப்பும் நுரைத்துச் சுழன்றன. வாசலில் ஒருத்தி குலவையே போட்டுவிட்டாள். நான் கையைத் தூக்கி எல்லோருக்கும் கும்பிடு போட்டேன். எலெக்‌ஷனில் ஜெயித்தவன்கூட அப்படிக் கும்பிட்டிருக்க மாட்டான்.

பிறகு அது பிழிய ஆரம்பித்தது.

முதலில் லேசாகத் தோளைக் குலுக்கியது. அடுத்து இடுப்பை ஆட்டியது. அப்புறம் சாமி வந்துவிட்டது. தடதடவென்று குதித்துக்கொண்டு நடுக்கூடத்திலிருந்து கிளம்பியது. சங்குசக்கரம் மாதிரி ஒரு சுற்று. மணல் வாளியை ஒரு இடி. நான் ஓடிப்போய்க் கட்டிப் பிடித்தேன். அது என்னையும் சேர்த்து ஆடியது. என் பல் எல்லாம் ஒன்றோடொன்று தாளம் போட்டது.

"வி-வி-விடாத... பி-பி-பிடி புள்ள!" என்றேன்.

அவள் எங்கே பிடிக்க? சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் கொட்ட நின்றாள். மெஷின் என்னைக் கட்டிக்கொண்டே வாசலை நோக்கி நடந்தது. கூட்டம் சிதறியது. நிலைப்படி வரை வந்ததும் ஒயர் இழுத்து, பிளக் பிடுங்கிக்கொண்டு, பொட்டென்று நின்றது. என் இடுப்புக் கைலி கதவுக் கைப்பிடியில் மாட்டி அவிழ்ந்து கிடந்தது. நல்லவேளை, உள்ளே அரை டவுசர் போட்டிருந்தேன்.

மதினி தெருவிலிருந்து கேட்டாள்: "கொழுந்தனாரே, தேரு அடுத்த வீட்டுக்கு எப்ப வரும்?"

மறுநாள் காயில்காரரை வீட்டுக்கே அழைத்து வந்தேன். மோட்டார்மேல்தான் எனக்குச் சந்தேகம். அவர் பின்பக்கத்தைத் திறந்து, தலையை விட்டுப் பார்த்து, வெளியே எடுத்தார்.

"மாப்ள, மோட்டாரு தங்கம். மேல ரெண்டு போல்ட்டு சும்மா நிக்கே, அதுல என்ன மாட்டியிருந்துச்சு?"

வீட்டுக்காரி என்னைப் பார்த்த பார்வையில் வெள்ளிப் பொடி இல்லாமலே பொறி பறந்தது.

"கல்லு" என்றேன்.

"அதான! அது சுத்துற வேகத்துக்கு ஆடாம இருக்கணும்லா? கல்லுதான மாப்ள அத அமுக்கிப் பிடிக்கும். கல்லு இப்ப எங்க?"

மூன்று பேரும் வாசலுக்கு வந்தோம். அங்கே அதன்மேல் என் சட்டை சோப்போடு கிடந்தது. ஒரு மாசமாக வாஷிங் மெஷின் வேண்டும் வேண்டும் என்று ஏங்கிக்கொண்டு, வாஷிங் மெஷினின் உறுப்பைப் போட்டு அடித்து, கையால் துவைத்திருக்கிறேன். காயில்காரர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கவே வெகு நேரமாயிற்று. அவர் சிரித்த சிரிப்புக்குப் பதினோரு கிணறும் நிரம்பியிருக்கும்.

கல்லைக் கழுவி, இரண்டு ஓட்டையிலும் போல்ட்டைச் செருகி முறுக்கினோம்.

மறுநாள் ஆவணி ஒன்று. காலையில் கையில் துணி சுற்றாமல் வேனில் ஏறினாள். நான் அவள் உள்ளங்கையைப் பார்க்கக் கேட்டேன். காட்டவில்லை. விரலை மடக்கி வைத்துக்கொண்டே போய்விட்டாள். அன்றைக்குக் கடையில் நான் கட்டிய பண்டல் ஒன்றும் உருப்படவில்லை. ஒரு பண்டலில் கல் வைக்கக்கூட மறந்துவிட்டேன்.

சாயங்காலம் வேன் நிற்கிற இடத்தில் போய் நின்றேன். கேட்க வேண்டியதே இல்லை, பார்த்தாலே தெரிந்துவிடும். மருந்து அறையில் இருந்தால் மின்னிக்கொண்டு இறங்குவாள். பெட்டி மடித்திருந்தால் சுத்தமாக இறங்குவாள். முதலில் இறங்கினவள் சுத்தம். இரண்டாமவள் சுத்தம். மூன்றாமவள் கையில் பெட்டி ஒட்டுகிற பசை. கடைசியாக வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் இறங்கினாள்.

தலை, புருவம், மூக்குத்தி, சேலை, செருப்பு எல்லாம் வெள்ளி!

நான் நடுரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக் குதித்தேன். வேன் டிரைவர் ஹாரன் அடித்தான். அம்மன் நேரே வந்தது.

"சோறு வடிச்சீகளா இல்லையா?"

"போர்மேன் என்ன சொன்னாரு புள்ள?"

"செம்புத் தகட்டுல முளுக் கையையும் வச்சு அமுக்குனேன். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்ல. போதும்மா, உள்ள போன்னுட்டாரு."

வீட்டுக்கு வந்ததும் அந்த வெள்ளிச் சேலையைத்தான் மெஷினுக்குள் முதலில் போட்டோம். அவள் கதவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, டி.வி. பார்ப்பது போல் பார்த்தாள். உள்ளே நுரை வெள்ளியாகச் சுழன்றது. சும்மா இருந்தவள் வட்டக் கண்ணாடியில் இரண்டு உள்ளங்கையையும் பதித்தாள். ஒரு வெடிப்புக்கூட இல்லை.

"மிசினு வந்த ராசி, கை ஆறிருச்சு பாத்தியா?" என்றேன் நான்.

"மிசினு எங்க தொவச்சுச்சு? மாசம் முளுக்க அது சும்மால்லா நின்னுச்சு." கண்ணாடியிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்: "ஒங்க கையக் காட்டுங்க."

நான் பின்னால் கட்டிக்கொண்டேன். இழுத்துப் பார்த்துவிட்டாள். ஆனைக்குட்டம் அணை இடம் மாறி என் கைக்கு வந்திருந்தது.

"லோடு ஏத்துற கைக்கு எந்தப் போர்மேன் சோதன?" என்றேன்.

"நான்தான்" என்று எழுந்துபோய் மருந்து டப்பாவை எடுத்து வந்தாள்.

அவள் தடவ ஆரம்பித்த நேரத்தில் மெஷின் உறுமியது. பிழியத் தொடங்குகிறது! நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், இரண்டு பேரும் பாய்ந்து கட்டிப் பிடித்தோம். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கல் அமுக்கிப் பிடித்திருந்தது. ஒரு இம்மிகூட அசையாமல் அது பாட்டுக்குப் பிழிந்துகொண்டிருந்தது. ஆனாலும் நாங்கள் விடவில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. கையில் ஒரு வாளி அழுக்குத் துணியோடு மதினி.

"கொழுந்தனாரே, அதக் கட்டிப் பிடிக்காமலே ஓடுமா? இல்ல, என் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வரணுமா?"